காணாமற்போன குதிரைகள்

முகூர்த்த மாதங்களுக்கு முன்னால் ஆரணிக்குப் புடவை எடுக்கப் போகும் குடும்பத்தோடு ஓர் ஆண்பிள்ளை சேர்ந்து போனால் அவனுக்கு அங்கே இரண்டே வேலைகள்: பணப்பையைச் சுமப்பது, வாசலில் காத்திருப்பது. சென்ற தடவை நான் இரண்டாவது வேலையைச் செவ்வனே செய்துகொண்டிருந்தபோது, பக்கத்துத் திண்ணையருகே இரண்டு மோட்டார் சைக்கிள்கள் வந்து நின்றன. இரண்டும் யமஹா ஆர்-15. ஆனால் ஒன்று மூன்றாம் பதிப்பு, மற்றது நான்காம் பதிப்பு. புத்தகங்களைப் போல இந்த வண்டிகளுக்கும் பதிப்பு உண்டு. புதுப் பதிப்பில் பழைய பிழைகள் நீங்கியிருக்கும் என்று வாங்குகிறவன் நம்புகிறான். புத்தக விஷயத்தில் அந்த நம்பிக்கை எவ்வளவு பலிக்கிறது என்பதை நான் அறிவேன்.

"உன்னுது புதுசுதான், மச்சான். ஆனா 18.4. என்னுது 19.3. காசை ஜாஸ்தியா வாங்கிக்கிட்டுக் குதிரையைக் கொறைச்சுட்டான்" என்றான் ஒரு வாலிபன்.

"ஓட்டிப் பாத்துட்டுப் பேசு" என்றான் மற்றவன்.

திண்ணையில் உட்கார்ந்து ஊடைக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்த முதிய நெசவாளர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "கச்சாப் பட்டு ஒரு கிலோ வாங்கறோம், தம்பி. பசை போக வேக வெச்சு எடுத்தா முக்கால் கிலோதான் மிஞ்சும். கால் கிலோவைத் திருடிட்டான்னு சாயப்பட்டறைக்காரன் மேலே பிராது கொடுக்க முடியுமா?"

வாலிபர்கள் சிரித்தார்கள். எனக்கோ அது சிரிக்கிற விஷயமாகத் தோன்றவில்லை. ஒரு வண்டியின் சக்தி ஒரு பதிப்பிலிருந்து அடுத்த பதிப்புக்குள் குறைந்துவிட்டால், போனது பட்டா, பசையா? லட்சத்துக்கு மேல் பணம் கொடுத்து வாங்குகிறவனுக்கு அதைக் கேட்க உரிமை உண்டு. நம் தேசத்தில் இந்தக் கேள்வி நாற்பது வருஷங்களாக இருந்து வருகிறது.

முதலில் இந்தக் குதிரை யார் வீட்டுக் குதிரை என்று பார்த்துவிடலாம். நீராவி எஞ்சின் விற்க வந்த ஜேம்ஸ் வாட், தம்முடைய எஞ்சின் எத்தனை குதிரைகளின் வேலையைச் செய்யும் என்று வாங்குவோருக்குப் புரியவைக்க வேண்டியிருந்தது. 33,000 ராத்தல் எடையை ஒரு நிமிடத்தில் ஓர் அடி உயரத் தூக்குவது ஒரு குதிரையின் சக்தி என்று அவர் கணக்கு வைத்தார். ஐரோப்பாக் கண்டத்தில் மெட்ரிக் முறை வந்தபோது, 75 கிலோவை ஒரு விநாடியில் ஒரு மீட்டர் தூக்குவதே குதிரை என்றார்கள். வாட்டின் குதிரை 746 வாட்; கண்டத்துக் குதிரை 735.5 வாட். முன்னதை பி.எச்.பி. என்றும் பின்னதை பி.எஸ். என்றும் விளம்பரங்களில் போடுகிறார்கள். வித்தியாசம் நூற்றுக்கு ஒன்றரை கூட இல்லை. ஆனாலும் 17 பி.எஸ். என்பது 16.8 பி.எச்.பி. தான் என்று அறியாமல், ஒரே வண்டியை இரண்டு வண்டியாக்கி வாதாடுகிறவர்கள் அநேகர். இந்த எண்கள் எஞ்சினின் சுழல்தண்டில் அளந்தவை. பல்சக்கரங்களையும் சங்கிலியையும் கடந்து பின்சக்கரத்துக்கு வந்து சேரும்போது கொஞ்சம் கரைந்திருக்கும். ஆக, பெட்டிக்கு மேல் எழுதியிருப்பது எப்போதுமே வேகவைக்காத நூலின் எடைதான்.

பிராது முதன்முதலில் கிளம்பியது 1983-ல். அந்த வருஷம் எஸ்கார்ட்ஸ் கம்பெனியார் யமஹாவின் அனுமதியோடு ராஜ்தூத் 350 என்ற வண்டியை வெளியிட்டார்கள். ஜப்பானில் அதன் மூலவண்டி ஆர்.டி. 350. 347 சி.சி., இரண்டு சிலிண்டர், ஆறு கியர், நிமிடத்துக்கு 7,500 சுற்றில் 39 குதிரை. நம் ஊருக்கு வந்தபோது 39 என்பது 30.5 ஆகிவிட்டது. அதோடு நிற்கவில்லை. சில காலத்தில் இன்னொரு பதிப்பு வந்தது, அதில் 27. முன்னதற்கு ஹை டார்க் என்றும் பின்னதற்கு லோ டார்க் என்றும் பெயர். மூலத்தோடு பார்த்தால் 12 குதிரைகளைக் காணோம். அந்தக் காலத்தில் 12 குதிரை என்பது ஒரு முழு வண்டியின் சக்திக்கும் அதிகம்!

எங்கே போயின அவை? இந்த டூ ஸ்டிரோக் எஞ்சினில் புகை வெளியேறத் தனியாக வால்வு கிடையாது. சிலிண்டர் சுவரிலுள்ள துளைகளைப் பிஸ்டனே ஏறி இறங்கும்போது மூடித் திறக்கிறது. புகை வெளியேறும் துளை உயரத்தில் இருந்தால் எஞ்சின் வேகமாகச் சுழலும்போது தாராளமாக மூச்சுவிடும், சக்தி கூடும். ஆனால் அதே துளை வழியாகக் கொஞ்சம் எரியாத பெட்ரோலும் புகையோடு போய்விடும். துளையின் உயரத்தைக் குறைத்து, சைலன்சரின் வாயையும் ஒடுக்கினால் பெட்ரோல் மிச்சமாகும். மேல்வேகத்தில் மூச்சு முட்டும். செய்தது அதுதான். அப்போது தேசம் மைலேஜுக்காக ஏங்கிக்கொண்டிருந்தது. 1985-ல் வந்த ஹீரோ ஹோண்டா சி.டி. 100, லிட்டருக்கு 80 கிலோமீட்டர் என்று பறைசாற்றியது. அந்தச் சந்தையில் ஒரு 350 சி.சி. பந்தயக் குதிரைக்குக் கொள்ளு போட யாரால் ஆகும்? கொள்ளைக் குறைத்தார்கள். குதிரை இளைத்தது. அப்படியும் வாங்குவோர் பெருகவில்லை. எண்பதுகளின் இறுதியோடு உற்பத்தி நின்றது. சிக்கனம் வேண்டியவன் 100 சி.சி. வண்டி வாங்கிக்கொள்வான், வேகம் வேண்டியவனோ 30.5-ஐத் தேடுவான். 27 யாருக்காக? இங்கே போனது பசையல்ல, பட்டுத்தான் என்பது என் தீர்ப்பு. பழைய வண்டி சேகரிப்பவர்கள் இன்றும் ஹை டார்க்கைத்தான் வலைபோட்டுத் தேடுகிறார்கள்.

அதே எஸ்கார்ட்ஸார் 1985-ல் விட்ட யமஹா ஆர்.எக்ஸ். 100-ன் கதை வேறு. 98 சி.சி., 11 குதிரை. வட ஆர்க்காட்டுச் சாலைகளில் அதன் சப்தத்தைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அவ்வளவு சின்ன வண்டிக்கு எப்படி அவ்வளவு பேர் என்று நான் ஒரு நாள் காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஜப்பானிய 350-ஐ அதன் கொள்ளளவால் வகுத்தால் லிட்டருக்கு 112 குதிரை வருகிறது. ஆர்.எக்ஸ். 100-ஐ வகுத்தாலும் அதே 112! ராஜ்தூத்தின் இரண்டு பதிப்புகளோ 88, 78. பெரிய அண்ணன் இழந்த சொத்தைச் சின்னத் தம்பி முழுசாக வைத்திருந்தான். வண்டியின் எடையும் ஏறத்தாழ 100 கிலோதான். வேறு ரகசியம் எதுவும் எனக்குத் தென்படவில்லை. 1996-ல் அது நின்றது. பின் வந்த ஆர்.எக்ஸ். 135-ல் நாலு கியர் வண்டிக்கு 12, ஐந்து கியர் வண்டிக்கு 14. அதற்குள் புகைச் சட்டங்கள் 1991, 1996, 2000, 2005 என்று ஒன்றன்பின் ஒன்றாக இறுகி, எரியாத எண்ணெயை ஊரெல்லாம் தெளித்துக்கொண்டு போகும் டூ ஸ்டிரோக்கின் கழுத்தை நெரித்துவிட்டன. அதன் நீலப் புகையைப் பற்றி உருகி எழுதுகிறவர்கள் அதன் பின்னால் பஸ்ஸுக்காகக் காத்து நின்றதில்லை போலும்.

இனி வாலிபர்களின் வழக்குக்கு வரலாம். ஆர்-15 நாலு ஸ்டிரோக் வண்டி. 2008-ல் முதல் பதிப்பு, 17 பி.எஸ்.; 2011-ல் இரண்டாவது, அதுவும் 17. எண் மாறவில்லையே என்று அப்போது முணுமுணுத்தார்கள். ஆனால் வண்டி 131 கிலோவிலிருந்து 136 ஆகியிருந்தது. பின்சக்கரத்துப் பல்சக்கரத்தில் பற்களைக் கூட்டி, கிளம்பும் வேகத்தைச் சரிக்கட்டியிருந்தார்கள். 2018-ல் வந்த மூன்றாம் பதிப்பில் எஞ்சின் 155 சி.சி. ஆயிற்று. 7,400 சுற்றுக்கு மேல் காற்று வால்வை இன்னும் அகலத் திறக்கும் ஓர் உபாயமும் சேர்ந்தது. விளைவு, 10,000 சுற்றில் 19.3.

அப்புறம் 2020 ஏப்ரல் முதல் தேதி வந்தது; அதாவது பாரத் ஸ்டேஜ் ஆறாம் படிச் சட்டம். புகையில் நைட்ரஜன் ஆக்ஸைடுக்கும் எரியாத பெட்ரோலுக்கும் முன்னைவிடக் கடுமையான வரம்பு. சட்டத்தை முந்திக்கொண்டு 2019 டிசம்பரில் திருத்திய வண்டி 18.6 ஆயிற்று. 2021-ன் நான்காம் பதிப்பு 18.4.

ஆகவே 0.9 குதிரை குறைந்தது மெய்தான். ஆனால் அந்த 19.3 எங்கே கிடைக்கிறது? 10,000 சுற்றில். ஆரணியிலிருந்து கண்ணமங்கலம் வழியாக வேலூர் போகிறவன், கரும்பு வண்டிக்கும் டவுன் பஸ்ஸுக்கும் நடுவே எத்தனை தடவை 10,000 சுற்றைத் தொடுவான்? அவனுக்கு வேண்டியது முறுக்கு விசை. அதுவும் சீக்கிரம் கிடைக்க வேண்டும். 18.6 வண்டியில் அது 8,500 சுற்றில் உச்சத்தை எட்டியது. நான்காம் பதிப்பில் 7,500-லேயே எட்டிவிடுகிறது. அளவும் ஒரு மயிரிழை கூடுதல். "ஓட்டிப் பாத்துட்டுப் பேசு" என்ற பையன் சும்மா சொல்லவில்லை. இதில் போனது பசை. நாம் எல்லோரும் சுவாசிக்கிற காற்றிலிருந்து எடுத்த பசை.

சட்டம் வந்தால் சக்தி போயே தீரும் என்று சொல்வதற்கும் இல்லை. நம் ஓசூரில் உருவான டி.வி.எஸ். அப்பாச்சி ஆர்.டி.ஆர். 160 4வி வண்டியைப் பாருங்கள். 2018-ல் கார்புரேட்டர் வைத்து 16.5 பி.எஸ். ஆறாம் படிச் சட்டத்துக்குத் திருத்தியபோது 16.02 ஆகச் சரிந்தது. அங்கேயே உட்கார்ந்துவிடாமல் மறுபடி வேலை செய்து, 2021-ல் அதே சட்டத்துக்குள்ளேயே 17.63-க்கு ஏற்றிவிட்டார்கள். அதே வருஷத்தின் இறுதியில் இன்னொன்றும் செய்தார்கள். கைப்பிடியருகே ஒரு பொத்தான்: ஒரு நிலையில் வைத்தால் 17.55, நகரத்துக்கும் மழைக்கும் என்ற நிலையில் வைத்தால் 15.64. ராஜ்தூத் காலத்தில் இரண்டு விதமாகச் சிலிண்டர் வார்த்து, இரண்டு வண்டியாக விற்று, வாங்கியவனை ஆயுள் முழுவதும் வருந்த வைத்த சமாசாரம் இப்போது கட்டைவிரல் நுனிக்கு வந்துவிட்டது.

இதையெல்லாம் அந்த வாலிபர்களிடம் சொல்லலாம் என்று நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டபோது அவர்கள் வண்டியைக் கிளப்பிவிட்டார்கள். தெருமுனையில் ஒரு மாட்டு வண்டி குறுக்கே வந்ததால் இருவரும் ஒரே வேகத்தில்தான் போனார்கள். கிழவர் நூலைச் சுற்றிக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். பணப்பை என்னிடம் அல்லவா இருந்தது!