உறையும் நீர், எழுதிய நிறம்: எட்வர்ட் வில்சனின் அண்டார்டிகா ஓவியங்கள்

நீர்வண்ண ஓவியத்திற்கு நீர் இன்றியமையாதது. அந்நீரே தூரிகையில் உறைந்துவிடும் நிலத்தில் ஓவியர் என்ன செய்வார்? ஸ்காட்டின் இரு அண்டார்டிகா பயணங்களிலும் (1901–04, 1910–13) பங்கேற்ற மருத்துவரும் விலங்கியலாளருமான எட்வர்ட் வில்சன் எதிர்கொண்ட சிக்கல் இது.

அவர் கண்ட வழி எளியது. வெட்டவெளியில் பென்சிலால் கோட்டுருவம் மட்டும் வரைந்தார்; எவ்விடத்தில் எந்நிறம் என்பதை அதன்மீதே சொற்களால் குறித்தார். கையுறையைக் கழற்றினால் விரல்கள் விரைவில் மரத்துவிடுமாதலால் அதையும் விட்டுவிட்டே செய்ய வேண்டியிருந்தது. வண்ணம் தீட்டியது பின்னர், குடிலுக்குள், விளக்கொளியில். 1902 டிசம்பரில் தெற்கு நோக்கிச் சென்றபோது, வரைவதற்காகக் காப்புக்கண்ணாடியைத் தவிர்த்து, கடும் பனிக்குருட்டுக்கு ஆளானார்; கண்களைக் கட்டிக்கொண்டே சறுக்குவண்டியை இழுத்தார்.

வண்ண நிழற்படம் அரிதாயிருந்த அக்காலத் துருவ வானின் நிறங்களுக்கு இவ்வோவியங்கள் முதன்மைச் சான்றுகள். ஆயினும், இவற்றை நேர்க்காட்சியின் பதிவு என்று மட்டும் கொள்வது பொருந்தாது. கண்ணுக்கும் தாளுக்கும் இடையே இங்கு மொழி நிற்கிறது. நிறப்பெயர்க்குள் அடங்காத நுண்வேறுபாடுகளை நினைவே நிரப்பியிருக்க வேண்டும். ஆகவே, தீட்டிய ஓவியத்தைப் பென்சில் குறிப்புகளோடு ஒப்பிட்டே படித்தல் வேண்டும்.

தென்துருவத்திலிருந்து திரும்பும் வழியில், 1912 மார்ச்சில் வில்சன் இறந்தார். அப்பயணத்தில் அவர் வரைந்த கோட்டுருவங்களைத் தேடுதல் குழுவினர் அந்த நவம்பரில் கூடாரத்திலிருந்து மீட்டனர். அவற்றுக்கு வண்ணம் தீட்ட அவர் குடில் திரும்பவில்லை.