வாயிலும் வழிகாட்டியும்



இணையத்துள் நுழைய உலாவி ஒரு வாயில். உள்ளே தேடுபொறி ஒரு வழிகாட்டி. இரண்டும் ஒரே நிறுவனத்தின் கைக்கு வந்தால் அதனை நம்பலாமா? வரலாற்றைக் கேட்போம்.

1994-இல் வெளிவந்த நெட்ஸ்கேப் உலாவி பெரும்புகழ் பெற்றது. மைக்ரோசாஃப்ட் நிறுவனமோ தன் உலாவியை விண்டோஸுடன் பிணைத்து இலவசமாகத் தந்தது, நெட்ஸ்கேப் நலிந்தது. 1998-இல் அமெரிக்க அரசு மைக்ரோசாஃப்டின் மீது வழக்குத் தொடுத்தது. கூகிள் நிறுவனம் பிறந்ததும் அதே ஆண்டில்தான்.

தேடுபொறியால் வளர்ந்த கூகிள், 2008-இல் குரோம் என்னும் உலாவியை வெளியிட்டது. அது விரைவுடையது, மக்கள் விரும்பி ஏற்றனர். ஆயினும், பிறருடைய உலாவிகளிலும் கைப்பேசிகளிலும் தன் தேடுபொறியே முதலில் நிற்கவேண்டுமெனக் கூகிள் பொருள் கொடுத்து வந்தது. 2021-இல் மட்டும் இவ்வகையில் அது அளித்தது 2,630 கோடி டாலர். தேடலில் சட்டத்துக்கு மாறாக ஏகபோகம் காத்தது என்று 2024-இல் அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

வகுப்பில் நான் அடிக்கடி கூறியதுண்டு: வணிகர் நல்லவரேயாயினும் படிக்கு முத்திரை வேண்டும். இந்நிறுவனங்களுக்கும் அதுவே விதி. முத்திரையை நீதிமன்றம் பார்க்கட்டும். நீங்கள் ஒரே வினாவை இரண்டு தேடுபொறிகளில் கேட்டு, விடைகளை ஒப்பிட்டுப் பாருங்கள். அறிவு உங்களுடையது, அதன் சாவியை ஒருவரிடமே ஒப்படைத்துவிடாதீர்கள்.