5000 அடிக்குக் கீழே

மகாவலி எங்கே பிறக்கிறது என்று வகுப்பிற் கேட்டால் மாணவர் மலைநாட்டைக் காட்டுவர். அந்த மலைகள் யாருடையவை என்று நாம் கேட்பதில்லை. நானும் நெடுங்காலம் கேட்டதில்லை.

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் அக்கேள்விக்கு ஒரு விடையை எழுதிவைத்தது. காடு, தரிசு, பயிரிடப்படாத நிலம் ஆகிய யாவும், மாறாக நிரூபிக்கப்படும்வரை, முடிக்குரியவையாகக் கொள்ளப்பட்டன. கண்டிக் கிராமத்தவர் தலைமுறை தலைமுறையாக விறகெடுத்த காடும் மாடு மேய்த்த புற்றரையும், உறுதிப்பத்திரம் இல்லாத ஒரே காரணத்தால், அவர்களுடையவை அல்லாதுபோயின. அந்நாளில் முடிக்குரிய காணி ஏக்கர் 5 சிலிங் விலைக்குப் போயிற்று. வாங்கியோருள் தேசாதிபதி மக்கென்சியும் உயர் உத்தியோகத்தர் பலரும் இருந்தனர். விற்றவரே வாங்கியவருமானார்!

கோப்பிக்காக மலைமுகடு முதல் ஓடைக்கரைவரை காடு வெட்டி எரிக்கப்பட்டது. புல்லில்லாத தோட்டமே நல்ல தோட்டம் என்பது துரைமாரின் கொள்கை. தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளி சுரண்டியாற் புல்லைச் சுரண்டினான்; அடுத்த மழை மண்ணையே கொண்டுபோயிற்று. அம்மண் கீழே சென்று கிராமத்தவரின் வாய்க்காலைத் தூர்த்து வயலை மூடியது. மண்ணரிப்புக்குச் சேனைப் பயிர்ச்செய்கையே காரணம் என்று உத்தியோகத்தர் சலியாது எழுதிவந்த காலமும் இதுவேதான்.

1873இல் கியூ தாவரவியற் பூங்காவின் பணிப்பாளர் ஹூக்கர் எச்சரித்தபின் 5000 அடிக்கு மேலுள்ள முடிக்குரிய காடுகளை விற்பது நிறுத்தப்பட்டது. அந்தக் கோடு பெரும் நன்மை செய்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஏற்கெனவே தனியார் கைக்குப் போன சரிவுகளை அது தொடவில்லை. மேலே காட்டிற் பிறந்த ஓடை, கீழே தோட்டத்துக்குள் இறங்கியதும் உடைமையாளனின் தயவுக்கு விடப்பட்டது. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்க, தேயிலை வந்தது. அடர்ந்து மூடிய தேயிலை மண்ணைப் பிடித்துவைக்கும். பட்டுப்போன செடிகளுக்கிடையிலான வெற்றிடம் பிடித்துவைப்பதில்லை.

தனியார் நிலத்திலும் மண்ணைக் காக்கும்படி கட்டளையிடும் அதிகாரத்தை அரசு பெற்றது 1951ஆம் ஆண்டின் மண் பேணற் சட்டத்தாலேதான். 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. அதனோடு ஓடைகள் தெளிந்தன என்று எழுத எனக்கும் ஆசைதான். உண்மை அதற்கு இடந்தரவில்லை. 1976இல் திறந்த பொல்கொல்ல நீர்த்தேக்கத்தை மலைநாட்டு வண்டல் வெகுவிரைவில் நிரப்பத் தொடங்கிற்று. 1992இல் தோட்ட நிர்வாகம் 22 கம்பனிகளின் கைக்கு மாறியது.

உடைமையாளர் மாறினர், கான் வெட்டியவர் மாறவில்லை. சரிவில் எவ்விடத்தில் ஊற்றுக் கசியும், எந்தக் கான் தூர்ந்தால் எந்தக் கரை இடியும் என்பதை அவர் அறிவார். அவ்வோடையே அவரது லயத்துப் பீலிக்கு நீர் தருவது. 1948இல் குடியுரிமையையும் இழந்த அம்மக்களிடம், ஓடைக்கரையில் எத்தனை அடிக்கு மரம் விடவேண்டும் என்று துரையும் கேட்கவில்லை, அரசும் கேட்கவில்லை.