காஹிராவின் இரு வீதிகள்

ஹிஜ்ரி 358இல் (கி.பி. 969) பாத்திமிய்யத் தளபதி ஜவ்ஹர் அடித்தளமிட்ட காஹிரா நகரின் நடுநரம்பு, கஸபா எனும் பெருவீதி. அதன் தென்வாயிலான பாபு ஸுவைலாவில், 13ஆம் நூற்றாண்டில் வாடகைக் கழுதைகள் காத்து நின்றன. ஃபுஸ்தாத் செல்ல அவற்றிலொன்றில் ஏறிய அந்தலுஸிய அறிஞர் இப்னு ஸயீத், கண்ணிலும் உடையிலும் படிந்த புழுதியைக் கசப்புடன் எழுதி வைத்துள்ளார். அன்றைய பொதுப் போக்குவரத்து அதுதான்!

1870களில் கெதீவ் இஸ்மாயீலின் அரசு, அஸ்பகிய்யாவிலிருந்து கோட்டைப் பகுதி வரை முஹம்மத் அலி வீதியை நேர்கோடாக வெட்டியது. வீடுகளுடன் பள்ளிவாசல்களும் இடிபட்டன. மம்லூக் அமீர் கவ்ஸூன் 1330இல் எழுப்பிய பள்ளியும் சிதைந்தது. நகர மாற்றத்தை முன்னின்று நடத்திய அலீ முபாரக் பாஷா, பொதுப்பணிகளோடு வக்ஃபுகளையும் நிர்வகித்தவர் என்பதை நாம் எளிதில் கடந்துவிட இயலாது. அவரே பின்னர், மக்ரீஸியின் 'கிதத்' நூலின் வழியில், நகரின் தெருக்களையும் பள்ளிகளையும் தமது இருபது பாக நூலில் பதிவு செய்தார். அழித்தவரிடமே அழிந்தவற்றின் விவரத்தைக் கேட்டறியும் நிலை நமக்கு! 1896இல் அப்புதிய வீதியில் டிராம் ஓடியது.

கஸபாவோ குறுகலாகவே நின்றது. கலாவூனின் மருத்துவமனை வளாகமும் பர்கூக்கின் மத்ரஸாவும் தப்பியதற்கு அக்குறுகலும் ஒரு காரணம் என்றே நாம் கருதுகிறோம். 2008இல் அங்கே பகல்நேர வாகனங்களுக்குத் தடை விதிக்கப்பட்டது.