மனப்பாடமும் மறுமொழியும்: மோர்மன் இளையர் ஸ்பானிய மொழி கற்ற வரலாறு

சமயம் பரப்ப வந்தோர் அயல்மொழி கற்ற கதை தமிழுலகுக்குப் புதிதன்று. 1706ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் கரையிறங்கிய சீகன்பால்கு, பள்ளிச் சிறுவரோடு அமர்ந்து மணலில் தமிழெழுத்துப் பழகியதை நம் மாணவர் அறிவர். ஆயினும் அத்தகைய வரலாறுகளில் நாம் காண்பவர் பெரும்பாலும் தனியோர் அறிஞர். வாழ்நாளை ஒரு மொழிக்கு ஈந்தவர். இவ்வுரையில் நாம் எடுத்துக்கொள்ளும் கற்போர் வேறு வகையினர். இருபது அகவையை ஒட்டியவர், மொழிப்புலமை நாடாதவர், ஈராண்டுப் பணி முடிந்ததும் வீடு திரும்பப் போகின்றவர். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைத் தலைமையிடமாகக் கொண்ட பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை, அதாவது மோர்மன் சபை, இத்தகைய இளையரை ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் ஸ்பானிய மொழி பேசும் நாடுகளுக்கு அனுப்பி வந்துள்ளது. அச்சபையின் கொள்கை நம் ஆய்வுக்கு உரியதன்று. குறுகிய காலத்தில் பெருந்திரளான சாதாரண மாணவருக்கு ஒரு மொழியை ஊட்ட முயன்ற அமைப்பு என்ற அளவிலேயே அதனைக் காண்கிறோம்.

முதல் முயற்சி தோல்வியில் முடிந்தது. 1830இல் தோன்றிய அச்சபையின் மூத்த தலைவர்களுள் ஒருவரான பார்லி பிராட், 1851ஆம் ஆண்டு செப்டம்பரில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து சிலி நாட்டுக்குக் கப்பலேறினார். கருவுற்றிருந்த மனைவியும் இளைஞர் ஒருவரும் உடன் சென்றனர். கடற்பயணம் அறுபத்து நான்கு நாள். அந்நாள்களில் பிராட் ஸ்பானிய நூல்களை வைத்துக்கொண்டு தாமே மொழியைப் பயின்றார். அவர் எழுத்தாற்றல் மிக்கவர். ஆங்கிலத்தில் அவரெழுதிய சமய நூல்கள் பரவலாகப் படிக்கப்பட்டவை. வல்பரைசோ துறைமுகத்தில் இறங்கியபோதோ, அவர் கற்றது பக்கத்தில் இருந்தது. தெருவில் ஒலித்தது வேறாயிருந்தது. வாசிக்க வந்தது, பேச வரவில்லை. அங்கே பிறந்த ஆண்குழந்தை ஆறு வாரத்துக்குள் இறந்தது. நாட்டில் உள்நாட்டுப் போர், கத்தோலிக்கமல்லாத பிற வழிபாட்டைப் பொதுவில் நடத்தச் சட்டம் இடந்தரவில்லை, கையில் பணமுமில்லை. 1852 மார்ச்சில் ஒருவரையும் சபையில் சேர்க்காமலே அவர் திரும்பினார். மொழிக்குறை ஒன்றே இத்தோல்விக்குக் காரணம் என்று சொல்வது மிகையாகும். எனினும் சொல்வன்மையால் வாழ்ந்த ஒருவர் நான்கு மாதம் ஏறத்தாழ ஊமையாய் இருக்க நேர்ந்தது என்பதை நாம் எளிதிற் கடந்துவிட முடியவில்லை.

இருபதாண்டு கழித்து வழி திறந்தவர் இருவர். ஒருவர் டேனியல் ஜோன்ஸ். மெக்சிகோ மீதான போரில் தொண்டர்படை வீரராய்ச் சென்று, போர் முடிந்தபின் அந்நாட்டிலேயே தங்கி, மக்களோடு புழங்கி ஸ்பானிய மொழியைப் பிடித்துக்கொண்டவர். இன்னொருவர் மெலித்தோன் திரெஹோ. ஸ்பெயின் நாட்டுப் படையதிகாரியாய்ப் பிலிப்பீன்ஸில் பணியாற்றி, பின்னர் யூட்டாவை நாடி வந்தவர். ஆங்கிலத்தில் அவருக்குப் போதிய பயிற்சியில்லை. ஒருவருக்குப் பேச்சுண்டு, எழுத்துநடை இல்லை. மற்றவருக்கு எழுத்துநடையுண்டு, ஆங்கிலம் போதாது. இருவரும் சேர்ந்து உருவாக்கிய மோர்மன் நூற்பகுதிகளின் மொழிபெயர்ப்பு 1875இல் அச்சேறியது. பிரதிகளைப் பொதி சுமக்கும் விலங்குகள்மேல் ஏற்றிக்கொண்டு ஒரு குழு 1876இல் மெக்சிகோவின் சிவாவா நகரை அடைந்தது. முழுநூல் ஸ்பானிய மொழியில் வெளிவந்தது 1886இல். இதன்பின் பல பத்தாண்டுகள் தனிப் பயிற்சி என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. போகின்றவர் போன இடத்தில், மூத்த துணைவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

பயிற்சிக்கூடம் தோன்றியதற்குக் கல்விக் கொள்கை காரணமன்று. நுழைவிசைவு தாமதமே காரணம் என்பது நமக்குச் சுவையாய்ப் படுகிறது. மெக்சிகோ, அர்ஜென்டினா ஆகிய நாடுகளின் விசாவுக்காகக் காத்திருந்த இளையரைச் சும்மா இருத்தி வைப்பானேன் என்ற எண்ணத்தில், 1961ஆம் ஆண்டு பிரோவோ நகரிலுள்ள பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் ஸ்பானிய வகுப்பு தொடங்கப்பட்டது. பேராசிரியர் ஏர்னஸ்ட் வில்கின்ஸ் அதற்குப் பொறுப்பேற்றார். 1963இல் அது தனி மொழிப்பயிற்சி அமைப்பாயிற்று. 1978இல் இன்றைய பயிற்சி நிலையமாயிற்று. கற்பித்தவர் பெரும்பாலும் பணிமுடித்துத் திரும்பிய மாணவரே. கற்றவருக்கும் கற்பித்தவருக்கும் அகவை இடைவெளி மூன்று நான்கு ஆண்டுதான்.

காலம் சுமார் இரண்டு மாதம். அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிலகம், ஆங்கிலம் பேசுவோருக்கு எளிதான மொழிகளுள் ஸ்பானியத்தை வைத்து, அதற்கே ஏறக்குறைய 600 வகுப்பு மணிகளை ஒதுக்கியது. (தமிழுக்கு அதன் கணக்கு 1,100 மணி. நம் மாணவர் மீது சலிப்படையும் ஆசிரியர் இவ்வெண்ணை நினைவிற் கொள்ளலாம்.) இரண்டு மாதத்தில் என்ன செய்ய இயலும்? பிரோவோவின் விடை தெளிவானது. எதைப் பேசப் போகிறார்களோ அதை மட்டும் கற்பிப்பது. காலைமுதல் இரவுவரை கற்ற மொழியிலேயே பேசவேண்டும் என்ற விதியை வைப்பது. இருவர் இருவராய் வாழச் செய்வது. போதனைப் பாடங்களைச் சொல்லுக்குச் சொல் மனனம் செய்விப்பது. வாக்கிய அமைப்புகளைக் கேட்டுத் திரும்பச் சொல்லிப் பழக்கமாக்கும் முறை அன்றைய அமெரிக்க மொழிக்கல்வியில் ஓங்கியிருந்தது. மனனத்துக்கு அதுவும் துணைநின்றது.

அதே 1961இல் சபை வகுத்த ஒரே சீரான பாடத்திட்டத்தில் பிரவுன் என்றொரு கற்பனைப் பாத்திரம் வருகிறார். பரப்புநர் ஒரு வினா தொடுக்கிறார். பிரவுன் விடை கூறுகிறார். அவ்விடையைப் பற்றிக்கொண்டு அடுத்த கருத்து. பிரவுன் எப்போதும் வேண்டிய விடையையே தருவார். மெக்சிகோவில் கதவைத் திறக்கும் மூதாட்டியோ பிரவுன் அல்லர். அவர் தம் மகனின் நோயைச் சொல்வார். மழை பெய்யாததைச் சொல்வார். உனக்கு எந்த ஊர், தாய் நலமா என்று கேட்பார். மனனம் செய்த இளைஞர் மீட்பைப் பற்றி நெடுநேரம் பிழையின்றி உரைக்க வல்லவர். ஆணிக்கடையில் ஆணி கேட்கத் திணறுபவர். வாய் திறந்துவிட்டது, செவி திறக்கவில்லை. வாய்மொழித் தேர்வுக்கு முன் பத்துத் தலைப்புகளை உருப்போட்டு வரும் மாணவர், தேர்வாளர் ஓர் எதிர்வினா கேட்டதும் விழிப்பதைக் கண்ட நமக்கு இந்நிலையைக் கூடுதலாய் விளக்க வேண்டுவதில்லை.

மனனத்தை முற்றும் பழிப்பது நம் கருத்தன்று. வாய்பாடும் சூத்திரமும் உருப்போட்டு வளர்ந்த மரபு நம்முடையது. பேசத் தொடங்க அஞ்சுகின்ற ஒருவருக்கு, முன்பே அமைந்த நூறு வாக்கியங்கள் ஊன்றுகோல் ஆகும். ஆனால் முன்னிலைப் பெயர் போன்ற ஒன்றில் மனனம் கைகொடுப்பதில்லை.

ஸ்பானியத்தில் நெருக்கமான ஒருமை முன்னிலை 'தூ'; மதிப்பு முன்னிலை 'உஸ்தெத்'. பரப்புநர் மக்களிடம் 'உஸ்தெத்' பயன்படுத்தப் பழக்கப்பட்டனர். இறைவேண்டலில் இறைவனை அழைப்பதோ 'தூ' என்று. அவர்களின் ஆங்கில வேண்டலில் வழங்கும் 'தௌ' என்ற பழஞ்சொல்லும் ஒரு காலத்தில் நெருக்கத்துக்குரிய ஒருமையே. அன்றாடப் பேச்சில் வழக்கொழிந்தபின் அது உயர்மதிப்புச் சொல்லாய் ஒலிக்கத் தொடங்கியது. ஆக, வீட்டில் இறைவனுக்குரிய தனிப் பெருஞ்சொல் என்று அவ்விளைஞர் கருதியதன் இணை, இங்கே குழந்தையையும் தோழனையும் விளிக்கும் எளிய சொல்லாயிருந்தது. தமிழ் மாணவருக்கு இதில் வியப்பில்லை. நாயன்மாரும் ஆழ்வாரும் இறைவனை 'நீ' என்றனர். தமிழ்க் கிறித்தவர் வேண்டலில் 'நீர்' என்பர். ஊர்ப் பெரியவரை நாம் 'நீங்கள்' என்போம். இவ்வேறுபாட்டை விதியாகச் சொல்லிவிடலாம். ஆனால் அது இடத்துக்கு இடம் மாறும். அர்ஜென்டினாவில் 'தூ' இருந்த இடத்தில் 'வோஸ்' வழங்கும். பொகோட்டா நகரில் குடும்பத்துக்குள்ளும் 'உஸ்தெத்' கேட்கும். இதனை மனப்பாடம் செய்ய முடியாது. பிறர் நம்மை எப்படி அழைக்கின்றனர் என்று நாள்தோறும் கேட்டுத்தான் தெளியவேண்டும்.

2004ஆம் ஆண்டில் சபை தன் பழைய முறையைக் கைவிட்டுப் புதிய வழிகாட்டி நூலொன்றை வெளியிட்டது. பாடத்தைச் சொல்லுக்குச் சொல் ஒப்பிப்பதை விடுத்து, கேட்பவரின் தேவையறிந்து தம் சொற்களிலேயே பேசுமாறு அந்நூல் பணித்தது. மாற்றத்தின் காரணம் சமயம் சார்ந்தது. விளைவு மொழி சார்ந்ததும் ஆயிற்று. சொந்தச் சொல்லில் பேசுகின்றவர் தடுமாறுவார், பிழைபடுவார். ஆனால் எதிரில் இருப்பவர் திருத்தினால் அத்திருத்தத்துக்கு அவர் பேச்சில் இடமுண்டு. ஒப்பிப்பவருக்கு அது இடையூறாகவே படும்.

2013இல் மெக்சிகோ நகரில் ஒரு பெரிய பயிற்சி நிலையம் திறக்கப்பட்டது. அவ்வளாகம் அதற்கு முன் சபை நடத்திய பள்ளியாக இருந்தது. பள்ளியின் பெயர் பெனெமெரித்தோ தெ லாஸ் அமெரிக்காஸ். அது மெக்சிகோவின் குடியரசுத் தலைவராயிருந்த பெனிதோ ஹுவாரெஸுக்கு வழங்கப்பட்ட சிறப்புப் பட்டம். ஹுவாரெஸின் தாய்மொழி சாப்போடெக். பன்னிரண்டு அகவையில் மலையூரைவிட்டு வஹாக்கா நகருக்கு அவர் நடந்து வந்தபோது அவருக்கு ஸ்பானியம் ஏறத்தாழத் தெரியாது. தமக்கை சமையல் வேலை பார்த்த வீட்டில் தங்கித்தான் அவரும் அம்மொழியைக் கற்கத் தொடங்கினார்.