அமுதம் யாருக்கு? கற்பனை இனங்களின் மருந்துகள்: ஒரு வரலாற்று நோக்கு

திருவனந்தபுரம் மாவட்டத்துக் கழக்கூட்டத்தில் 1990இல் தொடங்கிய டெக்னோபார்க் வளாகத்தில் இன்று கற்பனை உலகங்களும் தயாராகின்றன. 1999இல் நிறுவப்பட்ட டூன்ஸ் அனிமேஷன் அங்கிருந்து இயங்குகிறது. 2007இல் வெளிவந்த ‘ரிட்டர்ன் ஆஃப் ஹனுமான்’ திரைப்படத்தின் தயாரிப்பில் அதற்குப் பங்கு உண்டு. அதே மாவட்டத்தின் கிழக்கு எல்லையில் அகத்தியர்கூடம் 1,868 மீட்டர் உயர்ந்து நிற்கிறது. அந்த மலைச்சரிவில் காணி மக்கள் மூலிகையறிவோடு வாழ்கின்றனர். மனிதரல்லாத இனங்களுக்கு மருந்து படைக்கும் கலை எப்படி மாறி வந்தது என்று ஆராய இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தோன்றவில்லை.

பாத்திரமேற்பு விளையாட்டுகளில் எல்ஃப், குள்ளர், பூனைமுக மனிதர் என ஒவ்வோர் இனத்துக்கும் தனி மருந்து, தனி நஞ்சு, தனிப் போதைப்பொருள் அமைப்பது வழக்கம். இதை மேலைநாட்டுப் புதுமை என்று பலர் எண்ணுகிறார்கள். பல இனங்கள் வாழும் உலகைப் படைத்து, அதில் மருந்தை வைத்துக் கதை நகர்த்தும் வேலையை நம் இதிகாச புராணங்கள் முன்பே செய்துவிட்டன. ஆனால் இரண்டுக்கும் அடிப்படையிலேயே ஒரு வேறுபாடு இருக்கிறது.

பாற்கடலைக் கடைந்து எடுத்த அமுதம் தேவருக்கு மட்டும் பலிக்கும் மருந்தன்று. அசுரன் சுவர்பானு தேவர் வரிசையில் ஒளிந்து உட்கார்ந்து வாங்கிக் குடித்தான். அவனுக்கும் அது பலித்தது. தொண்டைக்குக் கீழே இறங்குமுன் சக்கரம் பாய்ந்ததால் தலை மட்டும் சாகாமல் ராகுவாயிற்று. மருந்து எதுவரை போனதோ அதுவரைதான் பலன் என்று கதைசொல்லி எவ்வளவு கறாராகக் கணக்குப் பார்க்கிறார்! அசுரனின் உடல் அமுதத்தை மறுக்கவில்லை. பந்தியில் பரிமாறிய மோகினிதான் மறுத்தாள்.

கசன் கதையும் இப்படித்தான். இறந்த அசுரரை எழுப்பும் மிருதசஞ்சீவினி வித்தை சுக்கிராச்சாரியாரிடம் மட்டுமே இருந்தது. தேவர் தரப்பிலிருந்து கசன் சீடனாக வந்து சேர்கிறான். அசுரர் அவனைக் கொன்று, எரித்து, சாம்பலை மதுவில் கலந்து குருவுக்கே கொடுத்துவிடுகிறார்கள். வயிற்றுக்குள் இருப்பவனுக்கு வித்தையைக் கற்றுக்கொடுப்பதைத் தவிரக் குருவுக்கு வேறு வழியில்லை. அசுரர் பக்கம் இருந்த வித்தை தேவகுமாரனுக்கும் பலிக்கிறது. இங்கே நடந்ததை இன்றைய மொழியில் தொழில் ரகசியத் திருட்டு என்றே சொல்லலாம்.

மருந்துமலைப் பகுதி இன்னும் நுட்பமானது. வான்மீகியின் யுத்த காண்டத்தில் ஜாம்பவான் நான்கு மூலிகைகளின் பெயர் சொல்கிறான்: மிருதசஞ்சீவனி, விசல்யகரணி, சுவர்ணகரணி, சந்தானகரணி. இறந்தவரை எழுப்புவது, உடலில் தைத்த ஆயுதத்தை வெளியேற்றுவது, நிறத்தை மீட்பது, பிளந்த உடலைப் பொருத்துவது என ஆளுக்கொரு வேலை. பறிக்க வந்த அனுமனைக் கண்டதும் மூலிகைகள் மறைந்துகொள்கின்றன. அவன் சிகரத்தையே பெயர்த்து எடுக்கிறான். காற்றில் வந்த மணம் பட்டதும் இராம இலக்குவரும் வானரரும் எழுகின்றனர். மனிதருக்கும் வானரருக்கும் ஒரே மருந்து.

இங்கே ஒரு கேள்வி எழும். மணம் களம் முழுவதும் பரவுமே, செத்த அரக்கர் ஏன் எழவில்லை? பதில் காவியத்திலேயே இருக்கிறது. எத்தனை பேர் மாண்டார்கள் என்று வெளியே தெரியக்கூடாதென்று, விழுந்த அரக்கர் உடல்களை இராவணன் அவ்வப்போது கடலில் எறியச் செய்திருந்தான். அரக்க உடலுக்கு இம்மருந்து ஒவ்வாது என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம். அந்தச் சுலப வழியை விட்டு, அரசனின் கௌரவத்தைக் காரணமாக்கியதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். விதியில் உள்ள ஓட்டையைக் கதைமாந்தரின் குணத்தைக் கொண்டே அடைத்திருக்கிறார்கள்.

மருத்துவ நூல்களோ உடல்வேறுபாட்டைப் பேசின. வாத, பித்த, கபக் கூறு பார்த்து மருந்தும் அனுபானமும் பத்தியமும் மாறும். அந்த வேறுபாடு ஆளுக்கு ஆள். குலத்துக்குக் குலம் அன்று. 1888இல் தேவகீ நந்தன் கத்ரியின் ‘சந்திரகாந்தா’ இந்தியில் வந்தபோதும், அய்யார்கள் என்னும் உளவாளிகளின் பையில் இருந்த மயக்கப்பொடியும், மயங்கியவரை எழுப்ப முகரவைக்கும் லக்லகாவும் எல்லா மூக்குக்கும் பொதுவாகவே இருந்தன.

திருப்பம் மேலைநாட்டில் நிகழ்ந்தது. டோல்கீனின் ‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ (1954–55) நாவலில் எல்ஃபுகளின் லெம்பாஸ் ரொட்டி ஹாபிட்டுகளைத் தாங்கிப் பிடிக்கிறது. கொல்லம் என்னும் பாத்திரத்துக்கோ அது தொண்டையில் இறங்கவில்லை. 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ உடல்நலத்தை எண்ணாக்கியது. 1979இன் விதிநூலில் குணமாக்கும் திரவம் 4 முதல் 10 உயிர்ப்புள்ளிகள் வரை மீட்டுத் தரும், குடிப்பவர் எந்த இனமானாலும் சரி. இரண்டு திரவங்கள் வயிற்றில் கலந்தால் என்ன ஆகும் என்பதற்கும் பகடை உருட்டிப் பார்க்கும் அட்டவணை உண்டு. கெட்ட எண் விழுந்தால் வெடித்தே போகும். தேனும் நெய்யும் சம அளவில் சேர்ந்தால் நஞ்சு என்னும் ஆயுர்வேத எச்சரிக்கையை அறிந்தவருக்கு இந்த அட்டவணை அந்நியமாகத் தெரியாது.

மருந்து பொதுவாக இருந்தாலும் உடல்கள் பிரிந்தன. 1978இன் விதிப்படி குள்ளருக்கு நஞ்சை எதிர்க்கும் திறன் கூடுதல். எல்ஃபுக்கு உறக்க மந்திரம் 100க்கு 90 முறை பலிக்காது. இறந்தவரை எழுப்பும் மந்திரம் மனிதருக்கும் குள்ளருக்கும் உண்டு, எல்ஃபுக்குக் கிடையாது. வான்மீகி இராவணன் தலையில் போட்ட பொறுப்பை விளையாட்டு பிறப்பின் தலையில் போட்டது. பின்னர் வந்த கணினி விளையாட்டுகள் இதே வழியில் இன்னும் தூரம் போயின. 2007இல் வந்த ‘தி விட்சர்’ உலகில், உடல் மாற்றப்பட்ட வேட்டைக்காரன் குடிக்கும் கஷாயம் சாதாரண மனிதனைக் கொன்றுவிடும்.

இனத்துக்கொரு மருந்து என்பது கற்பனையில் மட்டும் நின்றுவிடவில்லை. 2005இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் பைடில் என்னும் இதயநோய் மருந்தைக் கறுப்பினத்தவருக்கென்றே அனுமதித்தது. தோல் நிறத்தை உயிரியல் வேறுபாடாகக் கொள்ளலாமா என்ற சர்ச்சை அதோடு கிளம்பியது. விளையாட்டு அமைப்பவர்கள் இந்தச் சர்ச்சையைப் படித்துவிட்டு மருந்துப் பட்டியல் எழுத உட்காருவது நல்லது.

உடலை நுணுக்கமாகப் பிரித்த விளையாட்டுகள் பந்தியை மறந்துவிட்டன. மருந்து யாருடையது, யார் பறிக்கலாம், யாருக்குப் பணம் என்பதெல்லாம் அங்கே கடையில் எழுதிய விலையாகச் சுருங்கிவிட்டது. அகத்திய மலையில் நடந்தது வேறு. 1987இல் அங்கே ஆய்வுக்குச் சென்ற பி. புஷ்பாங்கதன் குழுவினர் களைத்துப்போக, உடன் வந்த காணி வழிகாட்டிகள் ஒரு செடியின் காய்களைத் தின்றுகொண்டு களைப்பின்றி ஏறினார்கள். ஆரோக்கியப்பச்சை என்னும் அச்செடியோடு அமுக்கரா, திப்பிலி, விஷ்ணுகிராந்தி சேர்த்து, பாலோடு என்னும் ஊரில் உள்ள தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனம் ‘ஜீவனி’யை உருவாக்கியது. 1995இல் கோவை ஆரிய வைத்திய பார்மசிக்கு ஏழு ஆண்டு உரிமம் வழங்கப்பட்டது. உரிமத் தொகை 10 லட்சம் ரூபாய். விற்பனையில் 2 விழுக்காடு உரிமைப்பங்கு. இரண்டிலும் சரிபாதி காணி மக்களுக்கு என்று முடிவாயிற்று. அதைப் பெற்றுக்கொள்ள அவர்கள் 1997இல் ஓர் அறக்கட்டளையைப் பதிவு செய்தார்கள்.

ஜீவனி களைப்புற்ற எவருக்கும் உரிய மருந்து. காணி உடலுக்கென்று தனியாக எதுவும் அதில் இல்லை. சிக்கல் முழுவதும் உடலுக்கு வெளியே இருந்தது. காணி மக்கள் தின்றது காயை. தொழிற்சாலைக்கு வேண்டியிருந்தது இலை. இலைக்காகக் காட்டுச் செடிகளை அழிக்காமலிருக்கப் பயிரிட வேண்டும், அதுவும் இயற்கையான வாழிடத்துக்கு அருகிலேயே. அந்த நிலம் வனத்துறையின் கட்டுப்பாட்டில் இருந்தது. செடி அருகிவிடும் என்ற அச்சத்தில் துறை ஒப்புதல் தரத் தயங்கியது. செடியை அடையாளம் காட்டியவர்களே அதைப் பயிரிட அனுமதி கேட்டு நின்றார்கள்.