தோண்டாமலே பூமிக்கு அடியில் பார்க்க முடியுமா? டைனோசர் காலத்துப் பள்ளம் சிக்கிய கதை!

மெக்சிகோவின் யுகட்டான் தீபகற்பத்தில் நின்று பார்த்தால் தட்டையான சுண்ணாம்புக்கல் தரையும் காடும்தான் கண்ணுக்குத் தெரியும். ஆனால் அதற்கு அடியில் சுமார் 180 கிலோமீட்டர் அகலத்தில் ஒரு ராட்சதப் பள்ளம் புதைந்து கிடக்கிறது. பாதி நிலத்துக்குக் கீழே, பாதி கடலுக்குக் கீழே!

சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு விண்கல் மோதியதால் உருவான சிக்சுலூப் பள்ளம் அது. டைனோசர்கள் அழிந்ததற்கு முக்கியக் காரணமாக விஞ்ஞானிகள் சொல்வது இந்த மோதலைத்தான்.

மேலே ஒன்றுமே தெரியவில்லை. அப்புறம் எப்படி கண்டுபிடிச்சாங்க? அதற்கு உதவியவை ஈர்ப்பு ஆய்வும் காந்த ஆய்வும்.

ஈர்ப்பு ஆய்வு என்றால் என்ன?

பூமியின் ஈர்ப்பு விசை எல்லா இடத்திலும் ஒரே அளவு என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். உண்மையில் அது இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும். காலுக்கு அடியில் அடர்த்தியான பாறை இருந்தால் ஈர்ப்பு துளி அதிகம். உப்பு, மணற்கல், நொறுங்கிய பாறை மாதிரி அடர்த்தி குறைந்தவை இருந்தால் துளி குறைவு.

இந்த வித்தியாசத்தை நம்மால் உணர முடியாது. இதை அளக்கும் அலகு மில்லிகால். ஒரு மில்லிகால் என்பது பூமியின் மொத்த ஈர்ப்பில் ஏறக்குறைய 10 லட்சத்தில் ஒரு பங்கு. இதை அளக்கும் கருவிக்குப் பெயர் கிராவிமீட்டர். பல கருவிகளில் உள்ளே இருப்பது ஒரு ஸ்பிரிங், அதில் தொங்கும் ஒரு எடை. ஈர்ப்பு கூடினால் ஸ்பிரிங் இழுபடும். அவ்வளவுதான்.

ஆனால் அளந்த எண்ணை அப்படியே நம்பிவிட முடியாது. கருவியை 3 மீட்டர் உயரத்துக்கு, அதாவது ஒரு மாடி ஏற்றினாலே ஏறக்குறைய 1 மில்லிகால் குறைந்துவிடும். பக்கத்தில் மலை இருந்தால் மாறும். நிலா இருக்கும் இடத்தைப் பொறுத்தும் மாறும். இதையெல்லாம் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் பாறை சொல்லும் சேதி.

காந்த ஆய்வு?

பூமியே ஒரு பெரிய காந்தம் என்பது தெரிந்த விஷயம். சில பாறைகளில் மேக்னடைட் என்ற இரும்புத் தாது இருக்கும். அந்த இடங்களில் பூமியின் காந்தப்புலம் சற்றுக் கூடும் அல்லது குறையும். இதை மேக்னடோமீட்டர் பதிவு செய்யும். கருவியை விமானத்தில் கட்டிப் பறந்தால் சில நாட்களிலேயே பெரிய பரப்பை அளந்துவிடலாம்.

எரிமலைப் பாறைகளிலும் உருகி இறுகிய பாறைகளிலும் காந்தத்தன்மை அதிகமாக இருக்கும். சுண்ணாம்புக்கல்லில் அது கிட்டத்தட்ட இல்லை. அதனால் மேலே சுண்ணாம்புக்கல் மூடியிருந்தாலும் கீழே இருக்கும் காந்தப் பாறை தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

எண்ணெய் தேடப் போனவர்கள் பார்த்தது

1978-ல் மெக்சிகோ அரசு எண்ணெய் நிறுவனமான பெமெக்ஸுக்காக விமானக் காந்த ஆய்வு நடந்தது. தரவுகளைப் பார்த்த புவி இயற்பியலாளர் க்ளென் பென்ஃபீல்டுக்கு ஒரு ஆச்சரியம். கடலுக்கு அடியில் அரைவட்டமாக ஒரு வடிவம் தெரிந்தது.

அவர் யுகட்டான் நிலப்பகுதியின் பழைய ஈர்ப்பு வரைபடத்தை எடுத்துப் பார்த்தார். அதில் இன்னொரு வளைவு இருந்தது. இரண்டையும் சேர்த்தால் ஒரு முழு வட்டம்! அதன் மையத்துக்கு அருகில் இருந்த சிற்றூரின் பெயர்தான் சிக்சுலூப்.

1981-ல் பென்ஃபீல்டும் பெமெக்ஸைச் சேர்ந்த அன்டோனியோ கமார்கோவும் இதை ஒரு மாநாட்டில் சொன்னார்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் லூயிஸ் அல்வாரெஸ், வால்டர் அல்வாரெஸ் குழு, டைனோசர்களை அழித்தது விண்கல் என்ற கருத்தை வெளியிட்டிருந்தது. பள்ளம் எங்கே என்று உலகமே தேடத் தொடங்கிய நேரம். ஆனாலும் இவர்கள் சொன்னதைப் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை.

வட்டம் மட்டும் ஏன் போதாது?

இந்த ஆய்வுகளின் பெரிய பலவீனம் இதுதான். ஆழத்தில் இருக்கும் பெரிய பாறையும் மேலாக இருக்கும் சின்னப் பாறையும் மேலே ஒரே மாதிரியான ஈர்ப்பு மாற்றத்தைத் தரலாம். வட்டம் தெரிந்தால் அது விண்கல் பள்ளமாகவும் இருக்கலாம், பழைய எரிமலையாகவும் இருக்கலாம். 1950-களில் அங்கே துளையிட்ட பெமெக்ஸுக்கு உருகி இறுகிய பாறை கிடைத்தது. அதை எரிமலைப் பாறை என்றுதான் நினைத்தார்கள்.

சரி, சந்தேகம் எப்படி தீர்ந்தது? 1990-ல் ஆலன் ஹில்டிபிரான்ட் என்ற ஆய்வாளர், பத்திரிகையாளர் ஒருவர் மூலமாக பென்ஃபீல்டைத் தொடர்புகொண்டார். பழைய துளைகளின் பாறை மாதிரிகளைத் தேடி எடுத்தார்கள். அதில் அதிர்ச்சியால் உள்ளே கோடு கோடாகச் சிதைந்த குவார்ட்ஸ் துகள்கள் இருந்தன. விண்கல் மோதல் போன்ற பயங்கர அழுத்தத்தில்தான் அப்படி ஆகும். எரிமலையால் அது முடியாது. 1991-ல் ஆய்வுக் கட்டுரை வெளியானது. 2016-ல் கடலில் துளையிட்டு நேரடியாகவும் ஆய்வு செய்தார்கள்.

இப்போது எங்கே பயன்படுகிறது?

எண்ணெய், இரும்புத் தாது, குரோமைட் தேட உலகம் முழுக்க இந்த ஆய்வுகள் நடக்கின்றன. இந்தியாவில் இந்தியப் புவியியல் ஆய்வு மையமும் ஹைதராபாத்தில் உள்ள தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனமும் இதைச் செய்கின்றன. கண்ட இடத்தில் துளை போட்டுப் பணத்தைக் கரைக்காமல், எங்கே போடலாம் என்று முன்கூட்டியே முடிவு செய்ய இது உதவும்.

சுருக்கமாகச் சொன்னால், கீழே ஏதோ இருக்கு என்பதை ஈர்ப்பும் காந்தமும் சொல்லும். அது என்ன என்பதைப் பாறையைக் கையில் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். சிக்சுலூப்பில் முதல் வேலை 1978-லேயே முடிந்தது. அந்தக் கல்லும் ஏற்கெனவே வெளியே எடுத்து வைக்கப்பட்டிருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கத்தான் இன்னும் 12 வருஷம் ஆனது.